கரடி தோண்டிய நாவல் விதை

குளக்கரை நாவல் மரம் விழுந்தது கரடியால்தான். வேறு காரணம் கிடையாது.

மரத்தடியில் ஒரு கறையான் புற்று இருந்தது. கரடிக்குக் கறையான் என்றால் உயிர். நாலு நாள் தோண்டியது. புற்றோடு வேரையும் அறுத்துத் தள்ளியது. ஆனிக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. மரம் சாய்ந்தது. பொந்தில் இருந்த மைனாவின் மூன்று முட்டைகளும் உடைந்தன.

"வேணும்னு செய்யலையே, தங்கச்சி!" என்றது கரடி.

"போதும்னும் நிறுத்தலையே! எனக்கு மரம் வேணும். அதுவரைக்கும் என்னோடு பேசாதே!" என்றது மைனா.

அன்று முதல் கரடிக்குக் கறையான் கசந்தது. உதிர்ந்த நாவல் கொட்டைகளை எல்லாம் கிளறிப் பார்த்தது. எல்லாம் வெயிலில் காய்ந்து செத்திருந்தன. சேற்றோரம் ஒன்றே ஒன்று ஈரமாகக் கிடந்தது. அதைக் கரையில் புதைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்தால் மட்டும் போதுமா? நகம் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் தோண்டிப் பார்த்தது. ஒன்றுமில்லை. ஐந்தாம் நாளும் தோண்டியது. ஒன்றுமில்லை. எட்டாம் நாள் தோல் வெடித்து, வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. ஆனால் அது கீழே போயிற்று!

"ஐயோ, தலைகீழாக நட்டுட்டேன்!" என்று கரடி விதையைப் புரட்டி வைத்தது.

பேசாதே என்று சொன்ன மைனா தன் வாயை மட்டும் மூடவில்லை. "இதுகூடத் தெரியாதா? மரம் மேலேதானே வளரும்!" என்றது பக்கத்து மரக்கிளையிலிருந்து.

மூன்று நாள் கழித்துத் தோண்டினால், நுனி வளைந்து மறுபடி கீழேயே போயிருந்தது. "பிடிவாதக்கார விதை!" என்று மறுபடியும் புரட்டியது கரடி.

ஒருநாள் காலையில் மண் விரிசல் விட்டது. தோண்டாமலே ஒரு தளிர் தெரிந்தது. கழுத்து வளைந்து, தலை குனிந்து நின்றது.

"கூனலாகப் பிறந்துவிட்டதே!" என்று பதறியது கரடி. இரண்டு நகத்தால் மெல்லப் பிடித்து நிமிர்த்தியது. மெல்லத்தான் பிடித்தது. 'டிக்' என்று ஒடிந்தது.

மைனா கத்தவில்லை. "பெரிசையும் கொன்னே, சின்னதையும் கொன்னே" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

கரடி ஒடிந்த தளிரைக் கீழே வைத்தது. பிறகு எழுந்து நடந்தது. நிமிர்த்தியதில் மண் விலகி, விதை வெயிலில் திறந்து கிடந்தது.

"ஏய், நில்லு! மூடாமல் போனால் என்ன அர்த்தம்?"

குளத்தோர வளையிலிருந்து ஒரு நண்டு வந்தது.

"செத்துப்போச்சு" என்றது கரடி.

"நீயாகச் சொல்லிக்காதே! முதலில் வேர்தான் வரும், கீழேதான் போகும். தண்ணீர் குடிக்காமல் எது எழுந்திருக்கும்? கழுத்தை வளைத்து முதுகால்தான் மண்ணை முட்டும். கொழுந்தால் முட்டினால் கிழிந்துபோகாதா?"

நண்டு விதையைக் கொடுக்கால் தொட்டுப் பார்த்தது.

"பருப்பில் இன்னும் சத்து இருக்கு. நாவல் கொட்டையில் சில சமயம் ஒன்றுக்கு இரண்டு கரு இருக்கும். பார்க்கலாம்."

நண்டு ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து விதையை மூடியது.

"நான் என்ன செய்யட்டும்?"

"ஒன்றும் செய்யாதே."

"அது என்னால் முடியாதே!"

"அதுதான் உன் வேலை. போ!"

கரடி அக்கரைக்குப் போய், கை இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. நண்டு தினமும் மண்ணை நனைத்தது. ஒருமுறைகூடத் தோண்டிப் பார்க்கவில்லை. பதினெட்டாம் நாள் இன்னொரு தளிர் குனிந்தே வந்தது, தானே நிமிர்ந்தது, செம்பு நிறத்தில் இரண்டு இலை விட்டது.

புரட்டிப் புரட்டி வைத்ததில் அதன் அடி கொஞ்சம் கோணல். அது பொந்து விழும் மரமாகும்வரை கரடி உயிரோடு இருக்காது. மைனாவும் திரும்பி வரவில்லை. கரடி அக்கரையிலிருந்து அந்த இரண்டு இலையைப் பார்ப்பதோடு சரி. கிட்டே போக அதற்குத் துணிவில்லை.

தோண்டித் தோண்டிப் பார்ப்பவன் அக்கறையாலேயே கெடுப்பான், மூடிவைத்துப் பொறுப்பவனே வளர்ப்பான். அந்தக் கரையில் அப்படி வளர்த்தது நண்டு.