கருநீலம் இல்லாத பலகை

செண்பகவல்லியிடம் நிறம் படிக்க வந்த கஸ்பாருக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது.

வீட்டுச் சுவரில் எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று சொல்வது அவள் தொழில். படிக்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் வைப்பாள். நிறங்களைப் பலகையில் அடிக்க வேண்டும். காய்ந்ததும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவேளைச் சோறு தின்ன வேண்டும். சோறு இறங்கினால் அந்தக் கூட்டு வீட்டுக்கு ஆகும். இறங்காவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். கிறுக்குத்தனமான பரீட்சை. ஆனால் அவள் சொன்ன நிறத்தை இதுவரை யாரும் மாற்றி அடித்ததில்லை.

அன்றைக்கு கஸ்பார் ஒரு பலகையோடு வந்தார். அதில் பனையோலைப் பச்சை இருந்தது. தேரிமண் சிவப்பு இருந்தது. மூன்றாவதாகச் சாம்பல்.

"சாப்பிட்டுப் பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்தேன். நல்லா இறங்கிச்சு."

"சாப்பிடும்போது என்ன நினைச்சிய?"

"ஒண்ணும் நினைக்கல. அதான் இறங்கிச்சு."

"யார் வீட்டுக்கு இது?"

"என் வீட்டுக்குத்தான். பையன் ரூமுக்கு."

செண்பகவல்லி பலகையைக் கீழே வைத்தாள்.

பையன் பெயர் இஞ்ஞாசி. போன வருஷம் கடலுக்குப் போனான். வள்ளம் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அதுவரை வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கஸ்பார் அதற்கப்புறம் கடற்கரைப் பக்கமே போவதில்லை. வீடுகளுக்கு அடிக்கலாம் என்றுதான் இவளிடம் வந்து சேர்ந்தார். அவர் மனைவி பிலோமி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பிலோமி அக்கா வீட்டுக்கு வந்துட்டாங்களா?"

"எங்க வாறா? அவ அம்மா வீட்டுலயே கிடக்கா. புள்ள கேட்ட நிறத்த ரூம்ல அடிச்சிட்டுக் கூப்பிடுங்க, வாறேங்கா. அடிக்காட்டி வரவே மாட்டாளாம்."

"புள்ள என்ன நிறம் கேட்டான்?"

"பச்சை. தேரிமண்ணு." நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"இந்த ரெண்டோட எது சேரும்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"நீங்க சொல்லுங்க."

"கருநீலம். ஆழத்துத் தண்ணி நிறம். கரையில நின்னு பாத்தா தெரியாதுப்பா, நீ உள்ள வந்து பாரும்பான். வள்ளத்துக்கு அடிக்கிற நீலத்த என் ரூம்ல அடிச்சி ஏமாத்திராதன்னு கேலி வேற."

"பின்ன ஏன் சாம்பல்?"

"அந்த நீலம் இல்லாம இந்தக் கூட்டு நிக்கணும் டீச்சர். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத வழியா?"

செண்பகவல்லி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து குச்சியால் கலக்கினாள். சாம்பலின் மேல் கருநீலத்தை அடித்தாள். கஸ்பார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.



காய்ந்ததும் அவள் அதைச் சுவரில் சாய்த்தாள். தேரிமண் வெயில் பட்டது மாதிரி சூடாகத் தெரிந்தது. பச்சை நேற்று முளைத்தது மாதிரி இருந்தது. சாம்பல் பக்கத்தில் இருந்தபோது இரண்டும் செத்துக் கிடந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. கஸ்பாருக்கும் தெரிந்தது. அவர் ஒன்றும் குருடர் இல்லை.

செண்பகவல்லி உள்ளே போய் இரண்டு தட்டுகளில் ரசம் சோறு கொண்டுவந்தாள். பரீட்சைக்கு எப்போதும் ஒரு தட்டுதான். அன்றைக்கு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கஸ்பார் பலகையைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்தார். வாய்வரை போன கை நின்றது. தட்டிலேயே போட்டார். மறுபடி எடுத்தார். இந்தத் தடவை வாயில் வைத்துவிட்டார். மெல்ல முடியவில்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இறங்கல டீச்சர்."

அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

"உங்க பரீட்சைதானே? இந்தக் கூட்டு ஆகாது. நான் சுரண்டிருதேன்."

சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் அவள் தட்டைப் பார்த்தார். பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"எனக்கும் இறங்கல அண்ணாச்சி. அது நிறத்துக் குத்தமில்ல. தகட்ட வச்சிட்டு, அக்காவக் கூப்பிடுங்க."