நாலு மணிக்குள் ஒரு சுவரொட்டி

அச்சுப் பொத்தானை ஒளித்து வைத்தவர் எவரோ, அவருக்குத்தான் சொல்கிறேன். நாங்கள் கேட்டோமா இதை? ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சாமானைக் கெடுத்துவிட்டு, அதற்குப் புதுசு என்று பெயர் வேறு வைத்தீர்.

உம்மைப் போலவே கோதண்டபாணி என்றொருவர். தலை நரைத்த பிறகு மென்பொருள் கற்க வந்தவர். அவருடைய குரு மெஹருன்னிசா, அவர் மகள் வயதுக்காரர். இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

சுவரொட்டி அடிக்கும் மென்பொருள் ஒன்றைக் கோதண்டபாணி திருத்தி அமைத்திருந்தார்.

"திரையில ஒரு பட்டன் கிடையாது டீச்சர். துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. அப்புறமும் ஏன் கடைக்காரங்க திட்டுறாங்க?"

மன்னார்குடி கடைத்தெருவில் சுவரொட்டி, பத்திரிகை அடித்துக் கொடுக்கும் ஒரு டிடிபி கடைக்குக் குரு அவரை அழைத்துப் போனார்.

கடைக்காரர் அல்போன்ஸ் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றை வடிவமைத்து முடித்துவிட்டு, மவுஸைத் திரை முழுக்க உருட்டிக்கொண்டிருந்தார். காலையில் மென்பொருள் தானாகவே கோதண்டபாணியின் புது வடிவத்துக்கு மாறியிருந்தது. பக்கத்தில் இறந்தவரின் மருமகன் நின்றார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் ஒட்டினால்தான் ஊருக்குத் தெரியும்.

"பிரிண்ட் எங்கய்யா?" என்றார் மருமகன்.

"நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு."

கோதண்டபாணி குனிந்தார். "வலது ஓரத்துக்குக் கொண்டு போய் நிறுத்துங்க. தானா வரும்."

"வரும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொண்டு போனா தெரியும்."

"ஏன், எங்க மாமாவை எழுப்பிக் கேட்டிருக்கலாமே," என்றார் மருமகன்.

அல்போன்ஸ் கொண்டு போனார். வரவில்லை. கடையின் திரை பழசு, சின்னது; அந்த ஓரமே அதில் அடங்கவில்லை. கோதண்டபாணியே உட்கார்ந்தார். மேலே தேடினார், கீழே தேடினார். தான் வைத்தது தனக்கே அகப்படவில்லை.

தெருவில் மேளச் சத்தம் கேட்டது. மருமகன் இறங்கிப் போனார். பாடைக்குப் பின்னால் வீட்டு ஆட்கள் மட்டும் நடந்தார்கள்.

"பார்க்க நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சேன், டீச்சர்."

"நல்லாத்தான் இருக்கு, அண்ணே."

கோதண்டபாணி நாற்காலியை விட்டு எழப் போனார். "இனிமே அச்சடிச்சு என்ன ஆகப் போகுது?"

"நாளைக்கும் இந்த ஊர்ல ஒருத்தர் சாவார்," என்றார் குரு. "எந்திரிக்காதீங்க. அதுக்குள்ள அந்தப் பட்டனை எடுத்த இடத்துலயே கொண்டு வந்து வைங்க."