எட்டி மரத்தடிப் பல்

வேலாயி மருத்துவச்சியைக் காட்டேரி என்று சொல்லிக் கொன்றார்கள். மூச்சுவிடாமல் பிறந்த பிள்ளையின் வாயோடு வாய் வைத்து, அடைத்திருந்த சளியையும் உதிரத்தையும் உறிஞ்சி, துப்புவதற்காக வாசலுக்கு வந்தாள். உள்ளே தாய் செத்திருந்தாள். வெளியே நின்றவர்கள் வேலாயியின் வாயைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் விசாரணை.

பிள்ளை பிழைத்தது. அதை யாரும் பேசவில்லை.

செத்த பிறகும் கடிப்பாள் என்று பயந்து அவள் கோரைப்பல்லைப் பிடுங்கினார்கள். இரும்புக்குத்தான் காட்டேரி அடங்கும் என்று இரும்புச் சிமிழில் அடைத்து எங்கோ புதைத்தார்கள். காலம் போகப்போக, அந்தப் பல்லை வாயில் அடக்கிக்கொண்டவனுக்குச் சாவே கிடையாது என்று ஒரு பேச்சு கிளம்பியது. கொன்றவர்களின் பேரன்களுக்கு இப்போது அது வேண்டியிருந்தது.

தில்லைநாயகி வேலாயியின் வம்சம். மருதவனாரிடம் வைத்தியமும் தருக்கமும் படித்தவள். பல்லைத் தேடி, அந்தப் பேரன்களில் ஒருவனான உடையப்பனின் ஆட்கள் மலைக்கோயில்களைத் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆசிரியரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அவர்களுக்கு முன்னால் எடுக்கணும், ஐயா. ஊர் நடுவில் வைத்துக் காட்டுவேன். மனுஷப் பல்தான் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பேன்."

"சொன்னால்?"

"எங்கள் வீட்டுப் பெண்களை இன்றைக்கும் பிரசவ வீட்டு வாசலில் நிற்கவிடுவதில்லை. அது முடிவுக்கு வரும்."

மருதவனார் ஆடும் பல்லுக்கு அடியில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு நடந்தார்.

"ஒரு ஊரே எப்படி ஐயா நம்பும்? ஒருத்தன் முட்டாள், சரி. பத்துப் பேர் முட்டாள், அதுவும் சரி. எல்லாருமா?"

"அப்புறம் சொல்கிறேன். வழியைப் பார்."

வழியை அவள் முன்பே கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பக்கத்துக் கர்ப்பிணிகள் தண்ணீருக்குப் போகும்போது நேர்ப்பாதையை விட்டு ஓடைமேட்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் சுற்றிப்போன இடத்தின் நடுவில் ஓர் எட்டி மரம் நின்றது.

அதன் அடியில் கடப்பாரையால் தோண்டினாள். உச்சி வெயிலில் சிமிழ் கிடைத்தது. உள்ளே ஒரு பல். ஓரத்தில் சொத்தை.

மருதவனார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வலித்திருக்கும்," என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். உடையப்பன், இரண்டு ஆட்கள், அரிவாள்கள்.

"கோயில் கோயிலா தோண்டுனது வீணாப்போச்சு. படிச்ச புள்ள பின்னாடியே வந்திருக்கணும். குடுங்க, பெரியவரே."

"கொடுத்தால் எங்களை விட்டுவிடுவாயா?"

"காட்டேரி வம்சத்தையா?"

"சொத்தைப் பல் அது," என்றாள் நாயகி. "வைத்திருந்தவள் சாவையே தடுக்கவில்லை. உன் சாவை எப்படித் தடுக்கும்?"

"வாயில போட்டுப் பாத்துக்கிறேன். நீ தள்ளு."

மருதவனார் திரும்பிக்கொண்டு குனிந்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டார். தோள் ஒருமுறை குலுங்கியது.

நிமிர்ந்து திரும்பியபோது வெள்ளைத் தாடி நெடுக ரத்தம் வழிந்தது. உள்ளங்கையை நீட்டினார். இரண்டு பற்கள்.

"ஒன்று அவளுடையது. ஒன்று என்னுடையது. காட்டேரிப் பல் எது, நீயே எடுத்துக்கொள்."

கையை யாரும் பார்க்கவில்லை.

"வாயைப் பாருடா," என்றான் ஒருவன்.

"பல்லைப் போட்டுக்கிட்டான்டா."

அரிவாள்களைக் கீழே போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். உடையப்பன் அவர் வாயைப் பார்த்தபடியே சிறிது தூரம் பின்வாங்கினான். பிறகு அவனும் திரும்பி ஓடினான்.

ஓடை அமைதியாக இருந்தது. மருதவனார் வாயைத் துடைக்காமல் நாயகியைப் பார்த்தார்.

அவள் முதுகு எட்டி மரத்தில் முட்டி நின்றது. இரண்டு கையாலும் கடப்பாரையை இறுகப் பிடித்திருந்தாள். அதன் முனை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"ஊர் எப்படி நம்பியது என்று கேட்டாய்," என்றார் அவர். "சொல்கிறேன். முதலில் அந்த இரும்பைக் கீழே வை, அம்மா."