வைத்தியரைக் கீழே இறக்கிய கதை

எலும்பு வைத்தியர் கோமதிநாயகத்துக்கு மூன்று சீடர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து அரை மூளை என்று ஊரில் சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்குத் தாராள மனசு.

மூத்த சீடன் சுடலைக்கண்ணு, வலது தோள் விலகி வந்த ஒருவருக்கு, நன்றாயிருந்த இடது தோளை இழுத்து அதையும் விலக்கிவிட்டான். எதிரே நின்று பார்த்தபோது அவனுக்கு அதுதான் வலப்பக்கமாம். வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டு மூவரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

உடம்பைப் பற்றிப் பேசும்போது பார்க்கிறவன் பக்கம் கணக்கில்லை, உடம்புக்காரன் பக்கம்தான் கணக்கு. அவன் படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும், நிமிர்ந்து, உள்ளங்கை முன்னால் தெரிய நிற்பதாக மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தலைப் பக்கம் மேல், கால் பக்கம் கீழ். யார் மாற்றிச் சொன்னாலும் கேட்கக்கூடாது, நானே சொன்னாலும் கேட்கக்கூடாது என்று முடித்தார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

தைலக் குப்பியை எலி உருட்டாமல் இருக்க, நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் வைப்பது அவர் வழக்கம். ஆள் உயர மண் குலுக்கை. மறுநாள் முக்காலி போட்டு ஏறி, உள்ளே குனிந்து துழாவினார். முக்காலி சரிந்தது. வைத்தியர் தலைகீழாக உள்ளே போனார். தோள் இரண்டும் சிக்கிக்கொண்டன, கால் இரண்டும் வெளியே ஆடின. மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நெல். மூச்சு முட்டியது. மனுஷன் நிஜமாகவே பயந்துபோனார்.

"ஏலே, என்னைய மேல தூக்குங்கலே" என்று கத்தினார்.

மூவரும் ஓடிவந்தார்கள். வந்ததும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

"மேலன்னா தலைப் பக்கம்லா?" என்றான் மூக்காண்டி.

"ஆமா. தலை உள்ள இருக்கு" என்றான் ஆவுடையான்.

"அப்போ உள்ளதான் தூக்கணும்" என்று சுடலைக்கண்ணு தீர்ப்புச் சொன்னான்.

ஆளுக்கொரு பக்கம் காலைப் பிடித்து, முழுப் பலத்தோடு உள்ளே அழுத்தினார்கள். வைத்தியரின் மூக்கு நெல்லில் புதைந்தது. அதோடு விட்டார்களா? முதலில் ஐயாவை மனசுக்குள் நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டாமா என்று ஆவுடையானுக்குச் சந்தேகம் வந்தது. மூவரும் கண்ணை மூடினார்கள். மூக்காண்டி அவரைக் கடைத்தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டானாம். கூட்டத்தில் ஆளைக் காணோம் என்று கண்ணை மூடியபடியே தேடிக்கொண்டிருந்தான். ஆவுடையான் குலுக்கைக்குள் கையை விட்டு, வைத்தியரின் உள்ளங்கையை முன்னால் தெரியும்படி முறுக்கி வைத்தான்.

அந்த வலியில்தான் வைத்தியருக்குப் புத்தி வேலை செய்தது. வாயிலிருந்த நெல்லைத் துப்பினார். "ஏலே, கீழ இழுங்கலே" என்றார்.

கேட்க வேண்டியபடி கேட்டால் மூவரும் சுறுசுறுப்பானவர்கள். உத்திரத்தில் கயிற்றைப் போட்டு, காலில் கட்டி, சரசரவென்று இழுத்தார்கள். வைத்தியர் வெளியே வந்துவிட்டார். காற்று பட்டதும் அவருக்கு அழுகையே வந்தது. சீடர்கள் நிறுத்தவில்லை. பாதம் இரண்டும் உத்திரத்தில் இடிக்கும் வரை கீழே இழுத்து, கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுத்தான் வியர்வையைத் துடைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வைத்தியரின் மனைவி உலகம்மாள் சந்தையிலிருந்து வந்தாள். அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏலே, எதுக்கு அவரை மேல தொங்க விட்டிருக்கிய? கீழ இறக்குங்க."

சுடலைக்கண்ணு அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். படிக்காதவளிடம் பொறுமையாகத்தான் பேச வேண்டும்.

"அம்மா, ஐயா மேல இல்ல. கீழதான் இருக்காங்க. இதுக்கும் கீழன்னா கூரைதான் இருக்கு."

உலகம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பாடமாவது மண்ணாங்கட்டியாவது, அவிழ்த்துவிடுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தோளை மாற்றி இழுத்த அதே சுடலைக்கண்ணு, இன்றைக்கு ஒரு பிசகில்லாமல் பாடத்தை ஒப்பித்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லிக் கொடுத்த ஒன்றாவது ஒருத்தன் மண்டையில் ஏறியிருக்கிறதே. வைத்தியருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணீர் பெருகி நெற்றி வழியாக ஓடியது.

"பய சொல்லுதது சரிதான்" என்றார். "கூரையைப் பிரிங்கலே. பாத்து, மெதுவா கீழ இறக்குங்க."