நிரம்பிய பக்கம்

கல்குவாரி சரிந்து மகனைப் பறிகொடுத்தவள் இருளாயி. குவாரிக்கு அனுமதி கொடுத்த நாளில் அமைச்சரை யார் யார் பார்த்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். விசாரணையில் அமைச்சரின் உதவியாளர், "நாங்கள் நாட்குறிப்பே வைப்பதில்லை" என்று தகவல் ஆணையரிடம் அலட்சியமாகச் சொன்னார்.

இருளாயி ஒரு பழைய மனுவை நீட்டினாள். "குவாரி வேண்டாம்னு சொல்ல அதே நாள் நானும் போனேன் ஐயா. இவருதான் இதுல எழுதித் திருப்பி அனுப்பினாரு."

ஆணையர் படித்தார்: 'அமைச்சரின் நாட்குறிப்பில் இன்று இடமில்லை.' கீழே உதவியாளரின் கையெழுத்து, முத்திரை.

"இல்லாத நோட்டுல எப்படிய்யா இடமில்லாமப் போச்சு?" என்று இருளாயி உதவியாளரைக் கேட்டாள்.

நாட்குறிப்பைக் கொண்டுவரும்படி ஆணையர் உத்தரவிட்டார்.

மறுவாரம் நாட்குறிப்பு வந்தது. அந்த நாளின் பக்கத்தில் குவாரி முதலாளியின் பெயர் மட்டும் இருந்தது. மீதிப் பக்கம் காலியாகக் கிடந்தது.