ருசி பார்க்க ஆளில்லாத சாப்பாடு

எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மருதவள நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி! கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அந்த நாட்டில் அறச்சபை என்று ஒன்று இருந்தது. அதிகாரிகள் திருடுகிறார்களா, லஞ்சம் வாங்குகிறார்களா என்று பார்க்க ஐந்து பேர். ஒருவரை ராஜா நியமிப்பார். மற்ற நாலு பேரை வணிகர், உழவர், நெசவாளர், படகோட்டிகள் ஆளுக்கொருவராக அனுப்புவார்கள். நியமிக்க இத்தனை விதி வைத்த பெரியவர்கள், நீக்குவது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஓட்டைதான் இத்தனை பாட்டுக்கும் காரணம்.

ராஜா நியமித்தவள் நாச்சியாள். உப்பு வியாபாரம் செய்தவள், பொய்க்கு மசியாதவள். மழை பொய்த்த வருஷம் அது. பஞ்சத்துக்கென்று வைத்த நெல்லைப் பார்க்க வேண்டும், களஞ்சியத்தைத் திறங்கள் என்று போய் நின்றாள். களஞ்சிய அதிகாரி வில்லவராயருக்கு வியர்த்துவிட்டது. நேரே ராஜாவிடம் ஓடினார்.

"மகாராஜா, என்னைச் சந்தேகப்படுவது உங்களைச் சந்தேகப்படுவது மாதிரி இல்லையா? நல்லவனுக்கு எதற்குக் காவல்?"

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாச்சியாளைச் சபைக்கு வரவழைத்தார்.

"நான் வைத்த ஆள் நீ. நானே எடுக்கிறேன். நாட்டை விட்டே போய்விடு. சாப்பிட்டு வந்ததும் பறையறையச் சொல்கிறேன்."

"நான் செய்த குற்றம் என்ன மகாராஜா?"

"அதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டுமா?"

பாவம், அவளுக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்று இவள், நாளைக்கு நாம் என்ற பயம்.

மந்திரி செங்கோடர் எழுந்தார். ராஜாவை எதிர்த்துப் பேசினால் அவர் தலையும் தப்பாது.

"உத்தரவு மகாராஜா. ஆனால் எல்லோருக்கும் ஒரே சட்டமாக இருக்கட்டும். காவலுக்கு உட்பட்டவன் காவலாளி வேண்டாம் என்றால், காவலாளியை நீக்கிவிடலாம். சரிதானே?"

"சரி, சரி. எனக்குப் பசிக்கிறது!"

ராஜா இலை முன்னால் உட்கார்ந்தார். மந்திரியும் வில்லவராயரும் பக்கத்தில் நின்றார்கள். சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைப்பூப் பொரியல். வழக்கமாக முதல் கவளத்தை ருசி பார்த்து, விஷமில்லை என்று சொல்லும் கரியானைக் காணோம்.

"எங்கே அவன்?"

"நீக்கிவிட்டேன் மகாராஜா. தினமும் ருசி பார்ப்பது தனக்கு அவமானம் என்று சமையல்காரர் சொன்னார். புதுச் சட்டப்படி அனுப்பிவிட்டேன்" என்றார் மந்திரி.

குழம்பில் விட்ட கை அப்படியே நின்றது.

"சமையல்காரன் நல்லவன்தானே?"

"ரொம்ப நல்லவர்."

"யார் சொன்னது?"

"அவரேதான் சொன்னார், மகாராஜா."

மந்திரி ராஜாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜா பசியில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டுவிட்டால் நாச்சியாள் கதை முடிந்தது, தன் கதையும் முடிந்தது. ராஜா கவளத்தை உருட்டினார். வாய் வரை கொண்டுபோனார். இலையிலேயே போட்டார்.

"வில்லவராயரே, நல்லவனுக்குக் காவல் எதற்கு என்று சொன்னவர் நீர்தானே? நீர் சாப்பிடும்."

வில்லவராயர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு... இன்றைக்கு விரதம், மகாராஜா."

"காலையில் ஏழு தோசை சாப்பிட்டீரே ஐயா!" என்றார் செங்கோடர்.

ராஜா சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "நான் ஒரு வேளைச் சோற்றுக்கு இந்தப் பாடுபடுகிறேன். ஊர் முழுக்க ஒரு வருஷம் சாப்பிடப் போகிற நெல்லை, பார்க்க ஆளில்லாமல் இவரிடம் விடப் பார்த்தேனே!"

அன்றே சட்டம் மாறியது. அறச்சபை ஆளை நீக்க வேண்டுமானால் குற்றத்தைச் சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும், மற்ற நாலு பேரும் ஒப்ப வேண்டும். ராஜாவே சொன்னாலும் இதுதான் முறை. நாச்சியாள் முன்னிலையில் களஞ்சியம் திறந்தது. மேலே நெல், அடியில் முழுக்க உமி! வில்லவராயர் பதவி போயிற்று, சிறையில் உட்கார்ந்தார். மந்திரிக்கு ராஜா பொற்கடகம் போட்டார்.

மறுநாள் நாச்சியாள் மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"மந்திரி ஐயா, நேற்று ராஜாவின் சாப்பாட்டுக் காவலை நீக்கினீர்களே. சமையல்காரரிடம் விசாரித்தேன். அவமானம் என்று அவர் சொல்லவே இல்லையாமே? யாரைக் கேட்டு நீக்கினீர்கள்? சபைக்கு வந்து பதில் சொல்லுங்கள்."

செங்கோடர் அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா, இவளை..."

"குற்றம் ஏதாவது செய்தாளா?"

"இல்லை."

"அப்படியானால் போய்ப் பதில் சொல்லும்" என்று சொல்லிவிட்டு, கரியான் ருசி பார்த்துக் கொடுத்த கவளத்தை ராஜா நிம்மதியாக வாயில் போட்டுக்கொண்டார்.