எதிர்த் தூணில் நின்றவன்

“தாயே, அவன் முகம் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது” என்றார் பொன்னுரங்கம்.

நீலாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யார் முகம்?”

“மாசிலாமணி. முந்தாநாள் அடக்கம் பண்ணினாங்களே, அவன்.”

நீலாயி கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் ஒரு கல்மண்டபத்தில் இருந்த துறவி. பொன்னுரங்கத்தைவிட வயதில் சிறியவர். சமஸ்தானம் கலைந்து, அரண்மனைக் காவல் படையை வீட்டுக்கு அனுப்பியபோது, போக வீடு இல்லாத பொன்னுரங்கம் இங்கே வந்து சேர்ந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் அவருடைய தொப்பி. வேறெதுவும் கொண்டுவரவில்லை.

“அவரு உங்க சிநேகிதரா?”

பொன்னுரங்கம் யோசித்தார்.

“அதுகூடத் தெரியலை. அரண்மனை வாசல்ல அவன் ஒரு தூண், நான் ஒரு தூண். இருபது வருஷம் எதிரும் புதிருமா நின்னோம். ஒரு வார்த்தை பேசினதில்லை.”

“ஏன்?”

“வாசல் காவல்காரங்க பழகக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்துட்டா யாரை வேணா உள்ளே விட்டுடுவாங்கன்னு ராஜாவுக்குப் பயம். ஆஜர் கூப்பிடும்போது பேரைக் கேட்டதோட சரி. மணி அடிச்சா அவன் கிழக்கே போவான், நான் மேற்கே போவேன்.”

“முகத்தைப் பார்த்திருப்பீங்களே.”

“தொப்பியைத்தான் பார்த்தேன்.”

ஒரு முழ உயரத் தொப்பி. கறுத்த கரடி ரோமம். முன்பக்கம் புருவத்தை மூடிக் கண்மேல் வந்து விழும். பித்தளைச் சங்கிலி ஒன்று உதட்டுக்குக் கீழே அழுத்திப் பிடிக்கும். மிச்சம் தெரிவது மூக்கு மட்டும். ராஜாவின் தகப்பனார் சீமைக்குப் போனபோது அங்கே ஒரு மாளிகை வாசலில் பார்த்து ஆசைப்பட்டு, தன் காவல்காரர்களுக்கும் தைக்கச் சொன்னது.

“அதுக்கு எதுக்கு அத்தனை உயரம்?”

பொன்னுரங்கத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. இந்தப் பாடம் அவருக்கு மனப்பாடம்.

“பழைய காலத்துல கையால குண்டு எறியற படை ஒண்ணு இருந்ததாம். அகல விளிம்பு வச்ச தொப்பின்னா எறியற கை அதுல இடிக்கும். அதனால விளிம்பை எடுத்துட்டாங்க. அப்புறம் ஆள் ராட்சசன் மாதிரி தெரியட்டும்னு மேலே உயர்த்தினாங்க. எதிரி பயப்படணும்ல. எங்க கவாத்து அதிகாரி சொல்லுவாரு.”

“பயந்தாங்களா?”

“குறி வைக்கத் தோதா இருந்ததுன்னு கேள்வி.”

“பக்கத்துல இறகு சொருகியிருக்கே?”

“சண்டையில புகை மூடிக்கும். நம்ம ஆளு யாருன்னு தெரியணுமே, அதுக்கு.”

“தெரிஞ்சுதா?”

“எந்தப் படைன்னு தெரியும். யாருன்னு தெரியாது.”

நீலாயி ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

“தூரமாச் சுடற துப்பாக்கி வந்ததும் அந்தத் தொப்பி சண்டைக்கு ஆகாதுன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் வாசலுக்கு வந்தது. ஊர்வலம், முடிசூட்டு, சாவு. அதுக்குத்தான்.”

சொல்லி முடித்துவிட்டுப் பொன்னுரங்கம் அந்தப் பழுத்த இலையை எடுத்து விரலில் உருட்டினார்.

“என் பொண்டாட்டி செத்த மறுநாள் காவலுக்கு நின்னேன், தாயே. லீவு கிடையாது. கண்ணுல தண்ணி வழியுது. துடைக்கக் கூடாது, கை அசையக் கூடாது. எதிர்ல அவன் பூட்ஸ் காலை மெல்லத் தட்டினான். ஒரு தட்டு. கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு. பொழுது சாயற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தான்.”

“படை கலைஞ்ச பிறகு அவரைப் போய்ப் பார்த்தீங்களா?”

“இல்லை.”

“எங்கே இருந்தாரு?”

“ஏரிக்கு அந்தாண்ட. கோயில் தெருவுல.”

“பக்கம்தானே.”

“தொப்பி இல்லாமப் போய் நின்னா, யாருன்னு கேட்டுட்டான்னா?”

நீலாயி இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அடக்கத்துக்குப் போனீங்களே.”

“தொப்பியோட போனேன். சவப்பெட்டியை மூடி ஆணி அடிச்சிருந்தாங்க. பெட்டிமேல அவன் தொப்பி. அதுக்கு ஒரு சல்யூட் வச்சேன். யார்கிட்டயும் பேசலை, வந்துட்டேன்.”

நீலாயி எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டியைத் திறந்து தொப்பியை எடுத்து வந்தார். முற்றத்தில் ஒரு உடைந்த கல்தூண் ஆள் உயரத்துக்கு நின்றது. தூணின் தலையில் தொப்பியைக் கவிழ்த்தார்.

பொன்னுரங்கத்தின் குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. வலக்கை நெற்றிக்குப் போனது.

நீலாயி திரும்பி வந்து மீதிக் கீரையை ஆயத் தொடங்கினார்.

கை இறங்க நேரமாயிற்று. இறங்கியதும் பொன்னுரங்கம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையைப் பார்த்து நடந்தார். தலையில் வெயில் சுட்டது. இத்தனை வருஷத்தில் அவர் தலையில் வெயில் பட்டதே குறைவு.

கோயில் தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தது மாசிலாமணியின் மனைவி ஞானசௌந்தரி. வெள்ளைச் சேலை. உள்ளே வேறு யாரும் இருக்கும் சத்தம் இல்லை.

“யாரு வேணும்?”

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் காத்திருந்தார்.

“நான் அரண்மனையில… எதிர்த் தூண்ல நின்னவன்.”

“அன்னைக்குத் தொப்பியோட கடைசியில நின்னது நீங்கதானா?”

“ஆமாம்மா.”

“உள்ளே வாங்க.”

சுவரில் மாசிலாமணியின் படம் மாலையோடு தொங்கியது. தொப்பி, சங்கிலி, மூக்கு.

“தொப்பி இல்லாத படம் ஒண்ணு இருக்குமா?”

“இல்லைங்க. அரண்மனையில எடுத்தது இது ஒண்ணுதான். கல்யாணத்துக்குப் படம் எடுக்க அப்போ எங்களுக்கு வசதியில்லை.”

பொன்னுரங்கம் தலையாட்டினார். வந்த வேலை முடிந்துவிட்டது போல வாசலைப் பார்த்தார்.

“காது ரெண்டும் பெருசு” என்றார் ஞானசௌந்தரி. “தொப்பிக்குள்ள மடிச்சு வச்சு மடிச்சு வச்சு இடது காது அப்படியே மடிஞ்சு போச்சு. தலை முன்னாலேயே வழுக்கை. சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழும். இன்னொரு பக்கம் ஒண்ணும் இருக்காது.”

“சிரிப்பானா?”

“வீட்டுல எந்நேரமும்.”

பொன்னுரங்கம் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. இந்த முறை துண்டால் துடைத்துக்கொண்டார்.

“நான் வரேம்மா.”

“இருங்க.”

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இப்படி ஜன்னல் பக்கம், வெளிச்சத்துல நில்லுங்க.”

நின்றார்.

அந்த அம்மாள் அவர் நெற்றியைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். கன்னத்தில் நிறுத்தி, “இது என்ன தழும்பு?” என்றார்.

“சின்ன வயசுல அம்மை போட்டது.”

“ம். நரைச்ச மீசை. ரெண்டு கண்ணும் உள்ளே போயிருக்கு.” தனக்கே சொல்லிக்கொள்வது போல உதடு அசைந்தது.

“ஏம்மா இப்படிப் பாக்கறீங்க?”

“படுக்கையில விழுந்த பிறகும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தாரு, எதிர்த் தூண் பொன்னுரங்கம் மூஞ்சி எப்படி இருக்கும்னு. நாளைக்குக் கல்லறைக்குப் போறேன். சொல்லணும்ல.”